டிபன் பாக்ஸில் ஒரு ஃபைல்

தில்லியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் பதினேழு வருஷம் தினமும் ஒரு சின்னக் கட்டம் வரைந்தேன். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. அதில் ஒரு சம்பவம், அடியில் ஒரு வரி. அதற்கு நடுவில் ஒன்றும் அதன் பிறகு ஒன்றுமாக, கார்ட்டூனும் காமிக்ஸும் படிக்கிறவர் மனசுக்குள் எப்படி வேலை செய்கின்றன என்று இரண்டு புத்தகங்கள் எழுதினேன். கல்லூரிகளில் பேசப் போனால், "வரைந்துகொண்டிருந்தவர் எப்படி ஆராய்ச்சிப் பக்கம் வந்தீர்கள்?" என்று கேட்பார்கள். வயசாச்சு, கை நடுங்குது என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். உண்மையான காரணம் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தவர்.

அந்த வீடு என் மனைவியின் பேரில் ஒதுக்கப்பட்டது. அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாகர்கோவில்காரி. நான் விருதுநகர்ப் பக்கம். முதல் மாடியில் ஒரே படிக்கட்டுக்கு இரண்டு வீடுகள், கதவுக்குக் கதவு எதிராக. எதிர்வீட்டுக்காரர் கரூர்க்காரர், ஓர் அமைச்சகத்தில் அசிஸ்டெண்ட். என்னைவிட எட்டு வயசாவது பெரியவர், ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். நானும் அவரை சார் என்பேன். காலையில் எட்டேகாலுக்கு, அலுவலகம் போகிறவர்களுக்கென்று ஓடும் சார்ட்டர்ட் பஸ்ஸில் இருவரும் ஒன்றாகப் போவோம். பஸ்ஸில் அவர் அதிகம் பேசமாட்டார். மடியில் டிபன் பாக்ஸ் பையை வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொள்வார். குளிர்காலத்தில் மஃப்ளரைக் காதோடு சுற்றி, முடிச்சை இடது காதுக்குக் கீழே கொண்டுவந்து போடுவார். எங்கே ஷூவைக் கழற்றினாலும் சாக்ஸை உருட்டி அந்தந்த ஷூவுக்குள் வைத்து, இரண்டையும் ஒட்டி நிறுத்திவிட்டுத்தான் நிமிர்வார். இதையெல்லாம் நான் கவனித்ததாக எனக்கே தெரியாது. வரைகிறவன் கண் அவனைக் கேட்டுக்கொண்டு எதையும் எடுத்து வைப்பதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி. ஏதோ ஒரு விசாரணைக்கு வேண்டிய ஃபைல்கள் காணாமல் போய்விட்டன என்று ஒரு வாரமாகச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்து ஒன்று வரையச் சொன்னார் ஆசிரியர். முக்கால் மணி நேரத்தில் முடித்தேன். அமைச்சகக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் போட் கிளப் புல்வெளி. அந்தக் குளிரில் மத்தியான வெயிலுக்காக குமாஸ்தாக்கள் எல்லாரும் அங்கே வந்து உட்காருவார்கள். சீட்டாடுவார்கள், வேர்க்கடலை உரிப்பார்கள். என் படத்தில் ஒரு குமாஸ்தா தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறார். உள்ளே சப்பாத்திபோல மடித்துவைத்த ஒரு ஃபைல், நாடாவோடு. பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிறார்: "வீட்டுச் சாப்பாடுதான் சார், உடம்புக்கு நல்லது." ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது மூன்று நான்கு தடவைதான் இருக்கும். சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

படம் ஒரு சனிக்கிழமை வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினார் எதிர்வீட்டுக்காரர்.

"ஒரு நிமிஷம் சார்."

எதிர்வீட்டிலிருந்து நாலு எட்டு எடுத்து வைக்க அவர் ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதை வாசலில் கழற்றினார். உள்ளே வந்து உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். என் படம். கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது.

"என்னை எப்ப பார்த்தீங்க?"

எனக்குப் புரியவில்லை. "எங்க சார்?"

"புல்வெளியில. எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?"

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தபோது என் கண் வாசலுக்குப் போனது. ஷூ இரண்டும் ஒட்டி நின்றன, ஒவ்வொன்றிலும் உருட்டிய சாக்ஸ். அவர் கையிலிருந்த படத்தைப் பார்த்தேன். குமாஸ்தாவின் முழங்காலுக்குப் பக்கத்தில், புல்லில், அதே மாதிரி இரண்டு ஷூக்கள். மஃப்ளர் முடிச்சு இடது காதுக்குக் கீழே. முகம்கூட, மூக்கைக் கொஞ்சம் நீட்டியிருந்தாலும், அவர்தான். நினைத்து வரையவில்லை. என் கை வரைந்திருந்தது.

"இது நீங்க இல்ல சார்," என்றேன். "நான் யாரையும் மனசுல வச்சு வரையல."

இரண்டாவது சொன்னது உண்மை. முதலில் சொன்னது பொய்.

"நான் இல்லையா?"

"இல்ல சார். சத்தியமா."

என் முகத்தைப் பார்த்தார். "அப்ப சரி," என்றார். படத்தை மறுபடி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். அன்றைக்கு அவளுக்கு டியூட்டி இல்லை.

"ஏன் இல்லன்னு சொன்னிய? அது அவருதானே. நான் நேத்தே பார்த்துச் சிரிச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சுதான் போட்டியன்னு நெனச்சேன்."

அடுத்த இரண்டு வாரத்துக்குள் விஷயம் காலனி முழுக்கத் தெரிந்துவிட்டது. அவரை சஸ்பெண்ட் செய்து ஒரு மாசம் ஆகியிருந்தது. அவர் பொறுப்பிலிருந்த ஒரு ஃபைல் காணவில்லை. பத்திரிகையில் வந்த பெரிய விவகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஏதோ கட்டட வாடகை பற்றிய ஃபைல். வீட்டில் சொல்லாமல், தினமும் அதே பஸ்ஸில், அதே டிபன் பாக்ஸோடு கிளம்பி, சாயங்காலம் வரை போட் கிளப் புல்வெளியில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு மாசமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனவன் நான். எனக்கு எதுவும் தெரியவில்லை.

ஆனால் எனக்குத் தெரியாது என்று யாரும் நம்பவில்லை. "எப்படி சார் முன்னாடியே மோப்பம் பிடிச்சீங்க?" என்று கேட்டார் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் ஒருவர். பால் பூத்தில் இருந்தவன், "க்யா பக்டா சாப்!" என்று, என்னமாய்ப் பிடித்துவிட்டீர்கள் என்று, என் கையைப் பிடித்துக் குலுக்கினான். எல்லாருக்கும் என்மேல் திடீரென்று ஒரு மதிப்பு. அத்தோடு நிற்கவில்லை. அந்த வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் எப்படி வந்தது, அவர் மனைவி போன வருஷம் ஊருக்கு ஏன் ரயிலில் ஏசியில் போனாள், ஃபைலை யாரிடம் கொடுத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். என் படத்தில் இருந்தது ஒரு டிபன் பாக்ஸும் ஒரு ஃபைலும்தான். மிச்சத்தை அவர்கள் வரைந்துகொண்டே போனார்கள்.

எதிர்க்கதவு பகலிலும் சாத்தியே இருக்கும். அவர் என்னோடு பஸ்ஸில் வருவது நின்றது. படியில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார். நானும் தலையசைப்பேன். போய்க் கதவைத் தட்டி, "அது நீங்கதான் சார், மன்னிச்சுக்குங்க" என்று சொல்லப் பலமுறை எழுந்திருக்கிறேன். என் கதவு வரைக்கும் போயிருக்கிறேன்.

முகம் வரையப் பயம் வந்தது. நாலைந்து மாசம் என் கட்டத்தில் எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். "உங்க ஆளுங்களுக்கு என்ன ஆச்சு, யாரும் திரும்பவே மாட்டேங்கிறாங்க?" என்று ஆசிரியர் கேட்டார். வேறு ஒருவராக இருந்தால் என்னை அப்போதே மாற்றியிருப்பார். அவர் பொறுத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தரியாகஞ்ச் நடைபாதைக்குப் போக ஆரம்பித்தேன். பழைய காமிக்ஸ் புத்தகங்களை அங்கே குவித்துப் போட்டிருப்பார்கள். இந்தியில், ஆங்கிலத்தில், வங்காளத்தில், எது கிடைத்தாலும் வாங்கினேன். கதைக்காக அல்ல. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை விடுகிறார்களே, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கட்டத்தில் ஒருவன் கையை ஓங்குகிறான், அடுத்ததில் இன்னொருவன் கீழே கிடக்கிறான். அடித்ததை யாரும் வரையவில்லை. படிக்கிறவர்தான் அந்தப் பட்டைக்குள் அடிக்கிறார். இது பலர் எழுதிய விஷயம்தான். எனக்கு உறைத்தது அதற்கு அடுத்தது: ஒற்றைக் கட்டக் கார்ட்டூனிலும் அந்தப் பட்டை உண்டு. கட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் உண்டு. அடுத்த கட்டம் என்ன என்று வரைந்தவன் சொல்லாவிட்டால் பார்த்தவர்கள் வரைந்துகொள்வார்கள். அதை அழிக்க அவனிடம் ரப்பர் கிடையாது.

இதைத்தான் முதல் புத்தகத்தில் எழுதினேன். தில்லியில் ஒரு சிறிய பதிப்பகம் ஆங்கிலத்தில் போட்டது. எதிர்வீட்டுக்காரரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஓர் ஓவியக் கல்லூரியில் வாரம் ஒருநாள் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள். "அப்படியென்றால் வரைகிறவன் என்ன செய்யணும்? வரையாமலே இருக்கணுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவருடைய ஃபைல் ஐந்து வருஷம் கழித்துக் கிடைத்தது. அவர் இருந்த பிரிவை வேறு மாடிக்கு மாற்றியபோது, இன்னொரு தடித்த ஃபைலோடு சேர்த்துக் கட்டியிருந்ததைப் பிரித்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். யாரும் தின்னவில்லை, விற்கவில்லை. அவரைத் திரும்ப வேலையில் எடுத்துக்கொண்டார்கள், வேறு அலுவலகத்தில். வீட்டையும் கோல் மார்க்கெட் பக்கம் மாற்றிக்கொண்டு போனார்கள். சாமான் ஏற்றும்போது நான் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தேன். இருக்க வேண்டிய அவசியம் அன்றைக்கு இல்லை.

அவர்கள் போன பிறகும், போய்ப் பார்ப்பதை ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். கடைசியில் என் மனைவிதான், "புஸ்தகத்தக் கொண்டு போயி குடுங்க. குடுத்துட்டுச் சொல்லுங்க. இல்லன்னா இனிமே அதப் பத்தி என்கிட்டப் பேசாதிய," என்றாள்.

ஒரு சனிக்கிழமை போனேன். அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு, காய் வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார். நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவருக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "நிறைய உழைச்சிருக்கீங்க," என்றார்.

"சார், அன்னைக்கு நான் சொன்னது பொய். அந்தப் படம் நீங்கதான்."

"தெரியும்."

"அப்பவே தெரியுமா?"

"அன்னைக்கு வாசல்ல என் ஷூவைப் பார்த்தீங்களே. நானும் பார்த்தேன்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அவர்தான் பேசினார்.

"நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா நான் அன்னைக்கே வீட்ல சொல்லியிருப்பேன். சொல்லிடலாம்னுதான் உங்ககிட்ட வந்தேன். உங்க வாயால ஒரு ஆமா வந்துட்டா, அதைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிடலாம்னு. நீங்க இல்லைன்னீங்க. சரி, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்னு எனக்கும் ஒரு தைரியம் வந்துருச்சு. அடுத்த நாளும் டப்பாவை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன்."

"அப்புறம்?"

"சட்டையைத் துவைக்கப் போட்டப்ப அவ கையில அந்தக் காகிதம் கிடைச்சிருக்கு. ஒண்ணும் கேக்கல. மறுநாள் நான் புல்வெளியில உக்காந்திருக்கேன், மத்தியானம், அவ நடந்து வர்றா. தில்லிக்கு வந்து பதினஞ்சு வருஷத்துல அவ தனியா பஸ் ஏறினதே கிடையாது. இந்தி பேசத் தெரியாது. எப்படி வந்தான்னு இன்னிக்கு வரைக்கும் கேக்கல. பக்கத்துல உக்காந்தா. சாப்பிட்டீங்களான்னா. இல்லேன்னேன். டப்பாவைத் திறந்து ரெண்டு பேரும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிச்சுத்தான் அழுதேன்."

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அதை மட்டும் வரைஞ்சிடாதீங்க சார்," என்றார். குரலில் கோபம் இல்லை. கேட்டுக்கொண்டார்.

"மாட்டேன்," என்றேன்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அந்த வார்த்தையைக் கேட்கவில்லை. படிக்கட்டு வரைக்கும் வந்து வழியனுப்பினார். மனசு லேசாகும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். பஸ்ஸில் வரும்போது, நான் சொன்ன ஒரு பொய்யில் அவர் எத்தனை பகல் தனியாக அங்கே உட்கார்ந்தார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பாரம் கூடித்தான் இருந்தது. ஆனால் அத்தனை வருஷமும் மிச்சமிருந்த முகம் வரையும் பயம் அதற்குப் பிறகு போய்விட்டது. யாரை வரைகிறேன் என்று தெரிந்துகொண்டு வரைந்தேன். தெரிந்த ஒருவரின் சாயல் விழுந்தால் காகிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். நேரத்துக்குப் படம் போய்ச் சேராமல் இரண்டு தடவை முதல் பக்கத்தில் என் இடம் காலியாக வந்திருக்கிறது.

பத்திரிகை வடிவத்தை மாற்றியபோது என் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். புது ஆசிரியர் மரியாதையாகச் சொன்னார், நானும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது புத்தகத்தை அதன் பிறகு எழுதினேன். இன்றைக்கும் சில கல்லூரிகளில் அதைப் பாடமாக வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

அவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போய் மூன்றாம் வருஷம் இறந்துவிட்டார். புல்வெளியில் நடந்ததை வரையமாட்டேன் என்று அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். எழுதுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, இருந்தாலும் அதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. கரூருக்குப் போன் போட்டு அவர் மனைவியிடம் கேட்டேன்.

"எழுதுங்க," என்றார் அந்த அம்மா. "ஆனா அவர் அழுததோட நிறுத்திடாதீங்க. திரும்ப வேலைக்குக் கூப்பிட்ட அன்னைக்கு, கிளம்பிப் போனவரு பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்துட்டாரு. போக மாட்டேன்னாரு. நான்தான் கையைப் பிடிச்சு அந்த ஆஃபீஸ் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டேன். அதை யார்கிட்டயும் நாங்க சொன்னதில்ல. அதையும் எழுதுங்க."