ட்ரோனுக்கு எத்தனை எலுமிச்சம்பழம்?

போன வெள்ளிக்கிழமை காலை, சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பிப்போய் நின்றேன். ட்ரோனுக்கு நெற்றி எது?

சிரிக்காதீர்கள். உங்களுக்குத் தெரியுமா?

பரமத்தி வேலூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் எந்தப் புது வண்டி வந்தாலும் பூஜை போடுவது நான்தான். பூசாரி இல்லை. பிள்ளையார் கோயிலைத் தினமும் கூட்டி, தண்ணீர் தெளித்து, விளக்கு வைக்கிறவன், அவ்வளவுதான். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. ஆனால் கார், டிராக்டர், லாரி, போர்வெல் போடும் ரிக் வண்டி... எதற்கு எத்தனை எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள் — யோசிக்காமல் சொல்லுவேன்.

அன்றைக்கு வந்தது மருந்து தெளிக்கும் ட்ரோன். தலைக்கு மேல் ஆறு றெக்கை, வயிற்றில் டேங்க், இரண்டு பக்கமும் நீளக் குழாய் போலக் கால்.

கொண்டுவந்தவள் கோமதி. எங்கள் ஊர் மகளிர் குழுத் தலைவி. குழுவில் பன்னிரண்டு பெண்கள். ஒருத்திக்கும் சொந்த வயல் கிடையாது. வீட்டு ஆண்கள் மருந்து டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு ஊரார் வயலில் அடித்துவிட்டு, தோல் வெந்து, கண் சிவந்து வருவதைப் பார்த்து நொந்தவர்கள். போன வருஷம் கோமதியின் வீட்டுக்காரர் கரும்புக்குள்ளேயே மயங்கி விழுந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்கப்புறம்தான் அவள் பயிற்சிக்குப் போனாள், லைசென்ஸ் எடுத்தாள், அரசாங்கத் திட்டத்தில் மெஷினையும் குழுவுக்கு வாங்கிவிட்டாள்.

ஒரே ஒரு நிபந்தனை. அன்றைக்குள் ஊரில் ஒரு விவசாயியாவது மருந்து அடிக்கத் தன் வயலைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மெஷின் அடுத்த ஊர்க் குழுவுக்குப் போய்விடும். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போக ஓர் ஆபீசரம்மா வந்திருந்தார்.

விவசாயிகளும் வந்திருந்தார்கள் — வேடிக்கை பார்க்க!

பழனியப்பண்ணனுக்கு ஆறு ஏக்கர் கரும்பு. குரல் அறுபது ஏக்கருக்குக் கேட்கும். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்.

"ஏம்புள்ள கோமதி, ஏங்கரும்புக்கு ஒட்டுனாப்புல சம்பந்தி ஊட்டு வெத்தலைக் கொடிக்கால் இருக்குது. களைக்கொல்லி நாலு சொட்டு அக்கட்டால போச்சுன்னா கொடி கருகிப்போயிரும். அப்பறம் ஏம்மவ பொட்டியத் தூக்கிக்கிட்டுப் பொறந்த ஊட்டுக்குத்தான் வரோணும்!"

"போவாதுங்ணா. நிறுத்துன எடத்துல நிக்கும்ங்க."

"வாயில சொல்றதுக்கு என்ன?"

நான் ட்ரோனை மூன்று சுற்று சுற்றினேன். முன்பக்கம், நட்டநடுவில், வட்டமாகக் கறுப்பாக ஓர் இடம். கடவுளே பார்த்துப் பொட்டுக்கு விட்ட இடம் போல இருந்தது. சந்தனத்தை அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன்.

கோமதி ரிமோட்டை ஆன் செய்தாள். அதன் திரை முழுக்க ஒரே மஞ்சள் மங்கலாக இருந்தது.

"ஏனுங்ணா... பொட்டு எங்க வெச்சீங்க?"

"நெத்தியிலதான் சாமி."

"அது கண்ணுங்ணா! கேமரா!"

அவள் துணியை எடுத்துத் துடைக்க, கூட்டம் பதறியது. "பொட்ட அழிக்காத புள்ள!" என் மனைவி மட்டும் நிதானமாகச் சொன்னாள்: "ஆயுத பூஜைக்கு மிக்ஸி சுவிட்சு மேலயே சந்தனத்தப் பூசி அமுத்தி வெச்ச ஆளுங்க இவுரு. ட்ரோன உடுவாருங்களா?"

பொட்டு டேங்குக்கு இடம் மாறியது. ட்ரோனுக்குப் போட்டிருந்த மாலையையும் கோமதி கழற்றச் சொன்னாள், றெக்கையில் சிக்கிவிடுமாம். பூஜை மாலையைத் தரையில் போடலாமா? எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆபீசரம்மா கழுத்தில் போட்டுவிட்டோம். அவரும் தன்னை எதற்கோ கௌரவிக்கிறார்கள் என்று எழுந்து கும்பிட்டார்.

அடுத்தது எலுமிச்சம்பழம். றெக்கைக் கணக்குக்கு ஆறா, கால் கணக்குக்கு இரண்டா? கால் மணி நேர விவாதம். இரண்டு என்று முடிவானது. அப்போதுதான் பழனியப்பண்ணன் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இது முன்னால போற வண்டி இல்லியே, மேல போறது. பழம் எப்புடி நசுங்கும்? நசுக்காம எடுத்தா வெளங்குமாங்க?"

நியாயம்தானே! ட்ரோனைத் தூக்கிப் பழத்தின் மேல் போடலாம் என்று இரண்டு பேர் கிட்டே போனார்கள். கோமதி கத்திய கத்தலில் திரும்பி வந்தார்கள். "எறங்கறப்ப நசுக்கிக்கலாம்ங்ணா" என்றாள்.

போகும்போது நசுக்க வேண்டியதை வரும்போது நசுக்கலாமா? எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு எந்தச் சாஸ்திரம் தெரியும்? பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன். வாயில் வந்தது: "ஆகாசத்துல போற வண்டிக்கு மண்ணத் தொடுறதுதான் மொத அடி. எறங்கறப்ப நசுக்குனா குத்தமில்லீங்க."

ட்ரோன் கிளம்பியது. அது கிளப்பிய காற்றில் விபூதித் தட்டு ஒரு பக்கம், கற்பூரம் ஒரு பக்கம், என் துண்டு வேலிக்கு மேலே. எல்லார் முகத்திலும் விபூதி. சோதனைக்கு ஊற்றியிருந்த வெறும் தண்ணீரை வேலிக்கு அப்பால் இருந்த கரும்பின் மேல் தூறல் போலத் தெளித்துவிட்டு அது அழகாகத் திரும்பி வந்தது.

கீழே இறங்க இறங்க... இறங்கும் இடத்தில் வைத்திருந்த எலுமிச்சம்பழங்கள் ஓட ஆரம்பித்தன! காற்று அவற்றை உருட்டிக்கொண்டு போனது. பின்னாலேயே நாங்கள். பெரிய மனிதர்கள் எட்டுப் பேர் இரண்டு பழத்தை வாய்க்கால் வரைக்கும் விரட்டிப் பிடித்தோம்.

"நிமித்தம் சரியில்ல" என்றார் பழனியப்பண்ணன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஆபீசரம்மா மாலையும் கழுத்துமாக மணியைப் பார்த்தார்.  கோமதி பழனியப்பண்ணனையும் ஆபீசரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

என் மனைவிதான் போய் இரண்டு கை நிறையச் சாணி எடுத்து வந்தாள். தரையில் இரண்டு உருண்டை பிடித்து, உருண்டைக்கொரு பழத்தைப் பாதி புதைத்தாள். "இப்ப எங்க ஓடுதுன்னு பாக்கலாம். எறக்கு சாமி!"

ட்ரோன் மறுபடியும் மேலே போனது. வயலுக்கு மேல் நின்று, திரும்பி வந்தது. கோமதி கண்ணிமைக்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு விரற்கடை... அந்தப் பக்கம் அரை விரற்கடை... அப்படியே இறக்கினாள். இரண்டு கால், இரண்டு பழம். ஒரே நேரத்தில் சளக்!

சாறு பழனியப்பண்ணன் வேட்டியில் தெறித்தது. அவர் குனிந்து, நசுங்கிய பழங்களை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஆபீசரம்மாவிடம் திரும்பினார்.

"ஏம் பேர எழுதிக்கங்க. ஆறு ஏக்கரும். இத்தாம்பெரிய மெஷின இத்துணூண்டு பழத்து மேல எறக்குறவ, சம்பந்தி கொடிக்காலுக்குள்ளயா உட்றப் போறா?"

அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் கை தூக்கினார்கள். கோமதி ரிமோட்டை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழுப் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. எத்தனை வண்டிக்குப் பூஜை போட்டிருக்கிறேன்! ஓட்டுகிறவனுக்கு ஓட்டத் தெரியுமா என்று இந்த ஊரில் ஒருத்தராவது கேட்டிருக்கிறோமா? நானும்தான் கேட்கவில்லை — பிள்ளையார் மன்னிக்கட்டும்.

போன தை மாசம் வந்த புது டிராக்டர், நாலு பழத்தையும் லட்சணமாக நசுக்கிவிட்டு, நேரே வாய்க்காலுக்குள்தான் போய் இறங்கியது!