படியின் அடியில் நான் வளைத்த கம்பி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கட்டாரிலும் கொழும்பிலும் கொங்கிரீட்டுக்குக் கம்பி வளைத்தேன், ஓரிடத்திலும் நிலைக்கவில்லை. படிக்கட்டென்றால், சாய்வின் அடியில் ஓடும் கம்பியை மேல் மூலையில் மடித்து, அப்படியே படி முடியும் மேல்தட்டுக்குள் கொண்டுபோவதுதான் சுத்தமான வேலை என்று நம்பியிருந்தேன்.

ஒலுவில் பக்கம் ஒரு கட்டடத்தில் அப்படி வைத்ததை, இஞ்சினியர் மிஸ் வெட்டச் சொன்னா. எனக்குக் கோபம் வந்தது. அவ கூரைபோல் மடித்த கட்டுக்கம்பியை, சுவரில் அப்பியிருந்த ஈரச் சாந்தின் அடிப்பக்கம் பதித்து, இரண்டு முனையையும் இழுத்தா. கம்பி நிமிர்ந்தது. கீழிருந்த சாந்து பொத்தென்று விழுந்தது.

"ஆள் மிதிச்சா பாரம் படியில நிக்காது," என்றா. "அடியில கிடக்கிற சாய்வுப் பிளேட்டுக்குப் போகும். அதிலயிருந்து மேல் பீமுக்கும் கீழ் பீமுக்கும், பிறகு தூணுக்கும். அப்ப இந்தக் கம்பி இழுபடும், நிமிரப் பார்க்கும். சாய்வுக் கம்பி நேரா ஏறித் தட்டின் மேல்பக்கம் முடியணும். தட்டுக்கு வேற கம்பி."

விழுந்த சாந்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மருதமுனையில் முன்பு ஒரு வீட்டில் என்ன செய்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வீடு வேண்டும். அங்கே மீன்பிடி வள்ளம் வைத்திருந்த ஒரு வள்ளக்காரர் கீழ்வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, இளையவளுக்கு மேலே கட்டினார். இரண்டு குடும்பத்துக்கும் வாசல் தனியாக வேண்டுமென்று படியை வெளியே வைத்தார். உள்ளே வேறு படி கிடையாது. அந்தப் படிக்கும் அப்படியே கம்பி வளைத்தவன் நான். மிஸ் கம்பியை வெட்டச் சொன்ன அதே நாள்தான் இளையவளின் கல்யாணம்.

பஸ் பிடித்துப் போனேன். பெண்கள் எல்லோரும் மணப்பெண்ணோடு மேலே ஏறியிருந்தார்கள். நான் நேரே படிக்குக் கீழே புகுந்தேன். மேல் மூலையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை மயிர்போல ஒரு வெடிப்பு. வள்ளக்காரரை அங்கே கூப்பிட்டேன்; அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்பேன்.

"காக்கா, இனி ஒராளையும் ஏத்தாதீங்க. கம்பிய நான் பிழையா வளைச்சிட்டேன்."

"கல்யாண ஊட்டுல என்ன கதை கதைக்கிறாய்? சாப்பிட வந்தா சாப்பிட்டுப் போ."

"குனிஞ்சு பாருங்க."

பார்த்தார். வெடிப்பை விரலால் தடவினார். "மகள் மேல இருக்கா," என்றார்.

முட்டுக் கொடுக்க மரம் இல்லை. சமையல் கொட்டிலின் கால்களில் நாலைப் பிடுங்கினோம். சமையற்காரர் அகப்பையோடு வந்தார். "கூரை சோறு போடுற சகனுக்குள்ள விழுந்தா மாப்பிள்ளைக்கு நீங்கதான் பதில் சொல்லணும்." கால்களைத் தட்டுக்கும் சாய்வுக்கும் கீழே நிறுத்தி ஆப்பு அடித்தேன். தரை மணல், பலகை வைத்தும் ஒரு கால் புதையப் பார்த்தது. அதைத் தோளால் தாங்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளை வருவதற்குள் எல்லோரையும் ஒவ்வொருவராக இறங்கச் சொன்னார் வள்ளக்காரர்.

"என்னகா, நாங்க என்ன ஆடா, எண்ணி இறக்க?" மேலே ஒரு கிழவி.

"உங்கள ரெண்டு தரமா இறக்கணும் மாமி," என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு காலடியும் மரத்தின் வழியாக என் தோளில் இறங்கியது. மூலையிலிருந்து தூசி கழுத்தில் கொட்டியது. கலிமாவை நான் எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது.

கடைசியாக மணப்பெண் வந்தாள். சேலையின் கனத்தில் தட்டில் நின்று நின்று வந்தாள். நில்லாதே, நில்லாதே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

இறங்கிவிட்டாள். மாப்பிள்ளையை வரவேற்றுக் கால் கழுவியது கீழே, மூத்தவளின் வாசலில்தான்.

மறுநாள் நானே அந்தப் படியை உடைத்தேன். லேசில் உடையவில்லை, இரண்டு நாள் சென்றது. வள்ளக்காரர் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"இவ்வளவு கெட்டியா இருக்கே தம்பி. விழுந்திருக்குமா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். இன்றைக்கும் தெரியாது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் படிக்குக் கீழே குனிந்து பார்க்கிறேன்.