சோஸுக்காக ஒரு ஜெபம்

இத்தாலியில், கியேசா எனப்படும் தேவாலயத்தில், எங்கள் தமிழ்ச் சபை ஆராதனையை முதன்முதலாக நேரலையில் விட்ட ஞாயிறு எனக்குத் தலைகால் புரியவில்லை. சிஞ்ஞோராக்கள் என்கிற இத்தாலிய எஜமானிகளின் வீடுகளில் ஞாயிறும் சமைக்கிற அக்காமார் கமெண்டில் எழுதும் ஜெபக் குறிப்புகளை மைக்கில் வாசிப்பது என் வேலை. வந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் வாசித்தேன்.

“அம்மாவின்ரை முழங்கால் சுகமாக வேணும்.”

“ஆமென்!”

“விசா பெர்மெஸ்ஸோ கெதியா வரவேணும்.”

“ஆமென்!”

“ஐயோ, உங்கடை பாட்டைக் கேட்டுக்கொண்டு நிண்டு சிஞ்ஞோராவின்ரை சோஸ் அடிப்பிடிச்சிட்டுது!”

“ஆமென்!” என்று சபை முழங்கியது. பிறகுதான் விளங்கியது. போதகர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதே அக்கா மறுபடி எழுதினார்: “சிரியாதேங்கோ, அவ வாறா. ஜெபியுங்கோ!”

சிரிப்பை அடக்கிக்கொண்டு சபையே கண்ணை மூடியது. கண்ணைத் திறந்து வைத்திருக்கும் ஊழியம் எனக்கு மட்டும்தான். கடைசியில் அந்த அக்காவிடமிருந்து வந்தது:

“சிஞ்ஞோராவும் பக்கத்திலை இருந்து பாக்கிறா. அந்தப் பாட்டை இன்னொருக்காப் படிக்கட்டாம்.”