நூல் கோனில் கட்டிய சாவி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தலைமையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் நின்று பேசும் இடத்துக்கு ஐந்தாவது ஆளாகப் போகவே தயங்குவேன். சங்க ஆபீசில், புதிதாக வரும் பெண்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். "நீங்க அவங்க கூட ஒரே டேபிள்ல இருந்தவங்க, அவங்ககிட்ட என்ன கத்துக்கிட்டீங்கன்னு எழுதிக் குடுங்க" என்றார்கள். மூன்று தடவை மறுத்தேன். "பேசத்தான் வராது, எழுதலாமில்லீங்க?" என்று கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

அவர்கள் சொல்லும் "அவங்க" இப்போது சங்கத்தில் முழுநேரமாக இருப்பவள். என்னைவிட ஆறு வயது இளையவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. இரண்டாயிரத்து எட்டு வாக்கில் இருக்கும். கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருந்த காலம். அவள் துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். நான் அவளுக்குக் கைமடி, அதாவது எதிரில் உட்கார்ந்து அவள் தைத்துத் தள்ளும் துணியை எடுத்து, நூல் வெட்டி அடுக்குகிறவள். நீளமான டேபிளில் வரிசையாக மெஷின்கள், எல்லாவற்றையும் ஒரே மோட்டார் ஓட்டும். ஓடும்போது காதோரம் வந்து கத்தினால்தான் பேச்சு கேட்கும். எல்லோரும் கத்துவார்கள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

பிரச்சினை பாத்ரூம் சாவி. பெண்கள் பாத்ரூமைப் பூட்டி, எங்கள் பக்கத்துச் சுவரில் ஆணி ஒன்று இருந்தும், சாவியைச் சூப்பர்வைசர் தன் மேஜையில் வைத்திருந்தார். தொலைந்துவிடக் கூடாதென்று அதைக் கூம்பு மாதிரியான காலி நூல் கோன் ஒன்றில் கட்டியிருந்தார்கள். ஒரு சாண் உயரம் இருக்கும். கையில் மறைக்கவும் முடியாது, முந்தானைக்குள் செருகவும் முடியாது. அதைத் தூக்கிக்கொண்டு ஹாலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆண்களைத் தாண்டி நடக்க வேண்டும். கேட்கப் போனால், "இப்பத்தான போயிட்டு வந்தே? ஊட்லயும் இப்படித்தானா?" என்பார் சூப்பர்வைசர். அயர்ன் டேபிளில் நிற்கும் ஆண்கள் சிரிப்பார்கள். நான் வேலை நாட்களில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தேன். என்னைப் போல இன்னும் பலர்.

அவள் சங்கத்து ஆள் என்பது எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும். ஏற்கெனவே இரண்டு கம்பெனிகளில் அவளை நிறுத்தியிருந்தார்கள். இங்கேயும் தெரிந்துவிட்டால் அந்த ரோட்டில் வேறு யாரும் வேலை தர மாட்டார்கள். குண்டடம் பக்கம் தோட்டம், காடு என்று கூலி வேலையும் இல்லாமல் வந்தவள். கூட்டமெல்லாம் போட மாட்டாள். டீ நேரத்தில் தினம் ஒருத்தி பக்கத்தில் போய் உட்காருவாள். பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், முதுகு வலி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். சாவிப் பேச்சை அவளாக எடுத்ததே இல்லை. எதிரில் இருப்பவள் எடுக்கும்வரை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. அப்புறம் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க்கா, நாளைக்கு நாலு மணி டீ பெல்லடிச்சதும் எல்லாரும் ஒண்ணா மேனேஜருகிட்டப் போறோம். இருவத்திரெண்டு பேரு. நீங்கதான் பேசோணும்."

"நானா? நாலு பேரு முன்னால எனக்கு வாயே வராதுல்லா. நீ பேசு தாயி."

"நான் பேசுனா இவ யாருன்னு தேடுவாங்க. வாயாடிக பேசுனா, இவ எப்பவும் இப்படித்தான்னு சிரிச்சுட்டுப் போயிருவாங்க. நீங்க வாயத் தொறந்தீங்கன்னா அவங்களுக்குத் திக்குனு இருக்கும். ஒரே வரிதானுங்க்கா. 'பாத்ரூம் சாவிய எங்க பக்கத்து ஆணியில மாட்டுங்க.' அவ்வளவுதான்."

"என்னைய மட்டும் வேலைய விட்டுப் போகச் சொல்லிட்டா?"

"ஒருத்தி கேட்டா ஒருத்திய அனுப்பலாம். இருவத்திரெண்டு பேரையும் அனுப்புனா டேபிள் நின்னுருமுங்க."

அவள் சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் பயம் பிடித்துக்கொண்டது. மகள் அப்போது ஒன்பதாவது. வேலை போனால் அவள் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். மறுநாள் லீவு போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். லீவு சொல்ல சூப்பர்வைசரிடம் பேச வேண்டும் என்பதால் அதையும் செய்யவில்லை.

காலையிலிருந்து அந்த ஒரு வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மனதில் வந்தது வாய்க்கு வரவில்லை. அப்போது ஒன்று தோன்றியது. இந்த மெஷின் சத்தத்தில் என்ன கத்தினாலும் யாருக்கும் கேட்காது. குனிந்து நூல் வெட்டியபடியே மெல்லச் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. கொஞ்சம் கூட்டினேன். பிறகு இன்னும் கொஞ்சம். பதினொரு மணிக்குள் நன்றாகவே கத்திக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கரண்ட் போய்விட்டது.

"பாத்ரூம் சாவிய எங்க பக்கத்து ஆணியில மாட்டுங்க!"

மோட்டார் நின்று, ஃபேன் நின்று, ஹால் முழுக்க என் குரல் மட்டும் இருந்தது. அயர்ன் டேபிள் ஆட்கள் திரும்பினார்கள். சூப்பர்வைசர் மேஜையிலிருந்து எழுந்தார்.

"யாரு அது? யாரு கத்துனது?"

நான் எதிரில் இருந்தவளைப் பார்த்தேன். எழுந்து ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று நினைத்தேன். அவள் சின்ன இடுக்கியை எடுத்து, மெஷினில் சிக்கிய நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. இவளைப் போய் நம்பினேனே.

"நான்தான் சார்" என்று எழுந்தேன்.

"நீயா? உனக்குப் பேச வருமா? எங்க, இன்னொருக்காச் சொல்லு, கேப்போம்."

கையிலிருந்த கத்தரியை டேபிளில் வைத்தேன். வாட்ச்மேன் ஜெனரேட்டர் போட ஓடும் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பின் வரிசையிலிருந்து மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "சாவிய ஆணியில மாட்டச் சொன்னாக. எனக்கும் அதேன் வேணும்" என்று எழுந்தாள். "எனக்குமுங்க" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள். துணி சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் நாலு பேர் சேர்ந்தே எழுந்தார்கள். நான் எண்ணவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு, இடுக்கியை டப்பாவில் போட்டுவிட்டு, கடைசி ஆளாக அவள் எழுந்தாள்.

சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிட்டது. மெஷின்கள் ஓடின, வேறு வழி தெரியாமல் எல்லோரும் உட்கார்ந்தோம். அவர் என் பக்கத்தில் வந்து, ஐந்து விரலைக் காட்டி, ஆபீஸ் ரூமைக் காட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் நூல் வெட்டப்போய்த் துணியை வெட்டிவிட்டேன். அவள் அதை வாங்கி, ஓட்டையை உள்ளே தள்ளி ஓரம் தைத்துக் கொடுத்தாள். நான் முதன்முறையாக அவள் காதில் கத்தினேன்.

"நீ ஏன் எந்திரிக்கல?"

"நான் மொதல்ல எந்திரிச்சிருந்தா மத்தவங்க உக்காந்தே இருந்திருப்பாங்க்கா!"

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மதுரைக்காரி, "யக்கா, இம்புட்டுச் சத்தத்தையும் எங்கிட்டு ஒளிச்சு வச்சிருந்தீக?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடினேன்.

சொல்ல வேண்டியதை நான் கத்திவிட்டதால் நாலு மணி பெல்லுக்கு யாரும் மேனேஜரிடம் போகவில்லை. ஐந்து மணிக்கு ஆபீஸ் ரூமில் மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"உக்காரு அம்மிணி. உனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். யாரு சொல்லிக் குடுத்தா? பேர மட்டும் சொல்லிட்டு, நீ பாட்டுக்கு நாளைக்கு வேலைக்கு வா."

நான் உட்காரவில்லை, பேசவும் இல்லை. மூன்று தடவை கேட்டார். புத்தகத்தில் இதைத் தைரியம் என்று போட்டுவிட வேண்டாம். எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். நாலாவது தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கதவைத் தட்டாமலே அவள் உள்ளே வந்தாள்.

"அக்காவுக்கு பஸ்ஸு போயிருமுங்க. நான்தானுங்க சொல்லிக் குடுத்தேன். எங்கிட்டக் கேளுங்க."

மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சங்கமா?"

"ஆமாங்க."

என் பக்கம் திரும்பி, "போங்க்கா, பாப்பா தனியா இருப்பா" என்றாள். நான் போனேன். அங்கேயே நின்றிருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது தோன்றியது. இறங்கித் திரும்பிப் போகவும் இல்லை.

சங்கப் பயிற்சியில் தலைவர் முதலில் நிற்க வேண்டும் என்று சொல்கிறார்கள். அன்று காலையில் அவள் கடைசியாக எழுந்தாள், சாயங்காலம் யாரும் கூப்பிடாமல் வந்தாள். எதற்கு உட்கார்ந்திருப்பது, எதற்கு எழுவது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் பார்த்ததை மட்டும் எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு வாட்ச்மேன் அவளைக் கேட்டில் நிறுத்திவிட்டார். நாங்கள் இருபத்தொரு பேரும் உள்ளே போனோம். சாவி எங்கள் பக்கத்து ஆணியில் தொங்கியது. கோனை அவிழ்த்திருந்தார்கள்.