பென்சில் புள்ளி மேலே இருக்கணும்

மினி ஊறுகாய்ப் புட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்குகிறாள். உள்ளே பத்துப் பன்னிரண்டு சுவர்க்கோழிப் பூச்சிகள், ஒரு சிட்டிகை கால்சியம் பொடி. நாலு குலுக்கில் பூச்சிகள் மாவில் புரட்டியதுபோல வெளுத்துவிடும். "முட்டைக்குச் சுண்ணாம்பு வேண்டாமா? தீனியில குடுக்கல்லன்னா அவளுக்க எலும்புலேந்துதான் உருவணும். அதுக்காக்கும் இந்தப் பவுடர்" என்றபடி புட்டியைக் கண்ணாடித் தொட்டிக்குள் கவிழ்க்கிறாள்.

தொட்டியில் இருப்பவள் பெயர் காயில், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளின் பெயர். ஒரு சாண் நீளம், தவிட்டு நிறத்தில் பட்டைகள், குட்டி முள்ளங்கி போன்ற வால். ஆப்பிரிக்காவின் தடிவால் பல்லி. பக்கத்துத் தொட்டியில் தனிக்குடித்தனம் இருப்பவன் ஃபியூஸ். இணை சேர்ந்த அன்றே அவனைப் பிரித்துவிட்டாள் மினி. "சோலி கழிஞ்சதும் மாத்தணும். இல்லேன்னா அவளைக் கடிச்சுத் தின்னவிடாம ஆக்குவான். ஆம்பளத்தம்."

அமரவிளையில் நெடுஞ்சாலையைப் பார்த்த அறைதான் மினியின் கடை. மிக்சி, மின்விசிறி, அயர்ன்பாக்ஸ் எல்லாம் பழுது பார்ப்பாள். காதில் எப்போதும் பென்சில். மூன்று வருஷத்துக்கு முன் திருவனந்தபுரத்தில் முறையான ஆவணங்களோடு இந்த ஜோடியை வாங்கினாள். முதல் வருஷ முட்டைகள் பூசணம் பிடித்தன. இரண்டாம் வருஷம் வற்றிச் சுருங்கின. மூன்றாம் வருஷம் விடக்கூடாது என்று மீன்காரர்களின் தெர்மாகோல் பெட்டி ஒன்றில் சின்ன பல்பு, சூட்டை அளந்து அணைக்கும் தெர்மோஸ்டாட், ஈரமான தென்னைநார்த் தூள் என்று தானே ஓர் அடைகாக்கும் பெட்டி செய்தாள். காயில் இரண்டு முட்டைகள் இட்டதும் அலுங்காமல் எடுத்து உள்ளே வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். பல்லி முட்டையில் கரு மேல்பக்கத்தில் ஒட்டிக்கொண்டுதான் வளரும். புரட்டினால் போச்சு. புள்ளி ஐம்பத்தைந்து நாளும் மேலேயே இருக்க வேண்டும்.

மிக்சியோடு வந்த சுயம்பு அண்ணன் தொட்டியைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏட்டி மினி, பல்லி தலையில விழுந்தா மரண பயம்னாக்கும் சொல்லுவினும். இத வீட்டுக்குள்ள வச்சிருக்கியே?"

"இதுக்குக் காலுல ஒட்டுற பிடிமானம் கிடையாது அண்ணா. சுவர்ல ஏறாது. ஒங்க தலையில விழணும்னா நான்தான் தூக்கிப் போடணும். எந்தப் பக்கம் வேணும்?"

பூச்சி பிடிக்கப் போன ஒரு ஜீவன் கால் வழுக்கி விழுந்தால் அதற்கு அட்டவணை போட்டுப் பலன் அச்சடித்து, இன்றைக்கும் கைப்பேசியில் காலை வணக்கத்தோடு அனுப்பிக்கொண்டிருக்கும் ஊர் இது. சுயம்பு அண்ணன் தலையைத் தடவிக்கொண்டு பேச்சை மாற்றினார்.

"செரி, முட்டையில இருக்கது ஆணா பெண்ணா?"

"இருபத்தொன்பது டிகிரின்னா பெரும்பாலும் பெண்ணு. முப்பத்திரண்டுன்னா ஆணு. இன்னா இந்தக் குமிழ்தான் தீர்மானிக்கும்." தெர்மோஸ்டாட்டின் திருகு குமிழை விரலால் தட்டிக் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். "மனுசருல அந்தக் குமிழ் பொம்பளைட்ட கிடையாது அண்ணா. ஆம்பளைக்க பக்கத்திலாக்கும்."

வாசல்படியில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்த மாமியார் சுகிர்தபாய்க்கு இருமல் வந்தது. மினிக்கு இரண்டும் பெண்கள். அதற்காகப் பன்னிரண்டு வருஷம் அவள் வாங்கிய குத்தல்களுக்கு ஒரு திருகு குமிழ் பதில் சொல்லிவிட்டது.

இருபதாம் நாள் காலையில் பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். இரண்டு முட்டையிலும் புள்ளியைக் காணோம்.

"மாமி! பெட்டியைத் தொட்டியளா?"

"இப்பதான் மக்கா மறிச்சு வச்சேன். கோழி தெனமும் அலகால உருட்டி உருட்டித்தானே அடைகாக்கும்? நீ மறந்துட்டன்னு நெனச்சேன். ஒரு நன்றி சொல்லுவியா, கண்ணை உருட்டுகா!"

நாற்பது வருஷம் கோழி வளர்த்த கை அது. அந்தக் கைக்கு முட்டை என்றாலே புரட்ட வேண்டியதுதான். மினி மூச்சைப் பிடித்து இரண்டையும் திருப்பிப் புள்ளியை மேலே கொண்டுவந்தாள். அன்று பழுது பார்க்க வந்த ஒரு மின்விசிறியையும் அவள் தொடவில்லை.

அதிலிருந்து நாலாம் நாள் ஒரு முட்டை நடுவில் குழிந்து மஞ்சளித்தது. மற்றதன் அடியில் கைப்பேசி வெளிச்சம் காட்டினாள். உள்ளே சிவப்பு நூல் நூலாக ரத்தக்குழாய்கள். அதற்குப் பிறகு பெட்டியின் மூடி மேல் ஒரு பழைய மிக்சி மோட்டாரைப் பாரமாக ஏற்றி வைத்தாள்.

ஐம்பத்தாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சபைக்குப் புறப்பட்டு வெள்ளைச் சேலையில் வந்து, மினி திறந்து வைத்திருந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்த சுகிர்தபாய்தான் முதலில் கூவினாள். "மினியே, ஓடி வா!" முட்டை கீறி, ஈரம் பளபளக்க, விரல் நீளக் குட்டி ஒன்று தலையை நீட்டிக் கண்ணைச் சிமிட்டியது. வீட்டுப் பல்லிக்குச் சிமிட்ட இமை இல்லை. இதற்கு உண்டு. மாமியும் மருமகளும் தோளோடு தோள் முட்டிக் குனிந்து, மாறி மாறிச் சிரித்தார்கள். அன்று சபையில் முதல் பாட்டு இருவரும் இல்லாமலே முடிந்தது.

"பாத்தியா? நான் மறிச்சு வச்சதுகொண்டாக்கும் விரிஞ்சது!"

"அப்ப மத்தது?"

"அது கர்த்தருக்க சித்தம்."

மினி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பெட்டியின் மறு மூலையைக் காட்டினாள். காயிலின் அடுத்த ஈடு, புதிதாய் இரண்டு முட்டைகள், தலையில் புள்ளியோடு. "செரி மாமி. வாதம் என்னத்துக்கு? இதுல ஒண்ணை நீங்க மறிச்சு வைங்க. மத்ததைத் தொடாண்டாம். எது விரியுதுன்னு பாப்போம்."

சுகிர்தபாய் வளையலை மேலே ஏற்றிக்கொண்டு கையை நீட்டினாள். விரல்கள் முட்டைக்கு ஓர் அங்குலம் மேலே நின்றன. குட்டி இன்னொரு முறை கண் சிமிட்டியது. அவள் கையை மெல்லப் பின்னுக்கு இழுத்து, சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.