இடிந்த கோட்டையின் படம்

குரோருட் மெட்ரோ நிலையத்தில் பனி கொட்டுகிறது. விடுமுறைக்கு ருமேனியா போனபோது எடுத்து, அச்சிட்டு வாங்கிய படங்களைப் புரட்டுகிறேன். இரத்தம் குடிக்கும் பிரபுவின் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் இரண்டு கோட்டைகள்: ஒன்றில் கூட்டம் மொய்க்கிறது, மற்றது மலையுச்சியில் இடிந்து கிடக்கிறது.

"தமிழோ?" என்று கேட்டு அருகில் அமர்ந்த யாழ்ப்பாணத்துக்காரர், இடிந்த கோட்டையின் மேல் விரல் வைக்கிறார்.

"இஞ்சை களவாய் வாற வழியிலை, இதுக்குக் கீழை ஒரு வீட்டிலைதான் ஏஜென்ட் எங்களை ரெண்டு மாசம் ஒளிச்சு வைச்சிருந்தவன். ஜன்னலாலை இதுதான் தெரியும்."

"பேய்க் கோட்டைன்னு சொல்வாங்களே, பயமா இல்லையா?"

"அந்தக் கதை அப்ப ஆருக்குத் தெரியும்? எங்களுக்குப் பொலிசுக்குத்தான் பயம்."

ரயில் வருகிறது. எழுந்தவர் தயங்குகிறார்.

"எப்பிடி இஞ்சை வந்தனீங்கள் எண்டு மகள் கேக்கிறவள். காட்ட ஒரு படமும் என்னட்டை இல்லை. இதைத் தருவீங்களோ?"

கொடுக்கிறேன். பனி படாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ஏறுகிறார்.