கடைசி மரக்கறிச் சாப்பாடு

துஷாந்தினியும் நானும் நமுனுகுல தோட்டத்துப் பள்ளியில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். நான் அதே பள்ளியில் ஆசிரியையாகத் தங்கிவிட்டேன். அவள் வளைகுடா விமானக் கம்பனியொன்றில் பணிப்பெண்ணாகி ஆறு வருடம். அவளுடைய அம்மா இராக்கம்மா குவைத்தில் ஏழு வருடம் வீட்டுவேலை செய்து படிக்கவைத்த பிள்ளை. எங்கள் லயத்து வீடுகளிலிருந்து அப்படிப் போன முதல் ஆள் என்று நாங்கள் கொண்டாடித் தீர்த்தோம்.

லீவில் வந்தால் வேலையைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வாள். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடுவதுபோல, விமானம் கிளம்புமுன் அவர்களுக்கும் பெரட்டு உண்டாம். கங்காணிக்குப் பதில் மேற்பார்வையாளர் ஆள் பார்த்து வேலை பிரிப்பாராம். அடிக்கடி பறக்கும் தங்க அட்டைக்காரர்களின் பெயரும் இருக்கை எண்ணும் அங்கேயே கைக்கு வந்துவிடும். அவர்கள் சாதாரண வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் முதலில் அவர்களிடம்தான் போக வேண்டும். பெயர் சொல்லி வரவேற்று, என்ன சாப்பாடு வேண்டும் என்று கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு மிச்சம்தான். இதென்ன நியாயம் என்று நான் எரிந்து விழுவேன். அவள் சிரித்துக்கொள்வாள்.

அப்படி ஒருவர் எழுதிய பாராட்டுக் கடிதத்தைக் கம்பனி அவளுக்குக் கொடுத்திருந்தது. இராக்கம்மா அதைப் பதுளையில் சட்டம் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். போன பொங்கலுக்கு நான் போனபோது, அதைத் தமிழில் சொல்லும்படி என்னைப் பிடித்துக்கொண்டார். எத்தனை முறை கேட்டாலும் மகள் நழுவிவிடுகிறாளாம். துஷாந்தினி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன், மடச்சி நான். வாசித்தேன்.

என் பெயரைச் சொல்லி வரவேற்றாள், ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்த மரக்கறிச் சாப்பாட்டையும் எனக்கே எடுத்துத் தந்தாள், இப்படி ஒரு பணிவை நான் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்.

“பாவம், அந்த மனுசன் விரதமோ?” என்று கேட்டார் இராக்கம்மா.

“இல்லம்மா. சும்மா கேட்டாரு. ரெண்டு கரண்டி சாப்பிட்டுட்டு வச்சிட்டாரு.”

அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. கடைசி வரிசையில் ஒரு அம்மா இருந்தாராம். வீட்டுவேலைக்குப் போன இடத்திலிருந்து புருசனின் கருமாதிக்கு வருகிறவர். அது முடியும்வரை மச்சம் மாமிசம் தொடமாட்டேன், மரக்கறி இருக்கா என்று தமிழில் கேட்டார். கோழி மட்டும்தான் என்று இவள் ஆங்கிலத்தில் சொன்னாள். பணிப்பெண்களுக்கென்று வைத்திருந்த பாணும் பழமும் இருந்தன, எடுத்துக் கொடுத்திருக்கலாம். அந்த அம்மா இவள் முகத்தையே பார்த்து, “நீங்க நம்ம தோட்டத்துப் பக்கமாம்மா?” என்று கேட்டார். கூட நின்ற மற்றப் பணிப்பெண் என்ன நினைப்பாளோ என்று இவள் இல்லை என்று தலையாட்டிவிட்டாள். எல்லோரும் இறங்கிய பிறகுதான் பட்டியலில் தேடிப் பெயரைப் பார்த்தாளாம். வேலாயி.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் அழுவதைப் பார்த்துத் திட்டவும் மனம் வரவில்லை.

இராக்கம்மா சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

“அப்ப அவங்களுக்கு என்னதான் குடுத்த?”

“தண்ணி.”

இராக்கம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அவரும் அதே கடைசி வரிசைகளில் உட்கார்ந்து வந்து போனவர்தான். சட்டம் இன்னும் சுவரில் இருக்கிறது. வருகிறவர்களுக்கு அவர் அதைக் காட்டுவதில்லை.